அப்பா தொடக்கூடாது

மின்தூக்கி பழுதுபார்ப்பவரான அவருடைய கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. விருந்தினராகப் போன வீட்டில், குடிக்கத் தண்ணீர் வருவதற்குள் ஆடுகின்ற நாற்காலிக் காலைத் திருகிச் சரிசெய்துவிடுவார். ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் கண்களை மூடியிருக்கையில், சாய்ந்து நிற்கும் ஒலிவாங்கித் தண்டு அவரை உறுத்தும். ஆமென் சொல்லிக் கண் திறந்தால் அது நிமிர்ந்து நிற்கும்.

"ஜெபத்துல எல்லாருக்கும் கண்ணு மூடும், கை கூப்பும். உங்களுக்கு ரெண்டும் கிடையாது" என்பார், செவிலியாகிய அவர் மனைவி. குறையாகத் தொடங்கும் அந்தப் பேச்சு சிரிப்பில்தான் முடியும்.

மனைவிக்குக் காலையிலேயே மருத்துவமனை. அவருக்கோ பிற்பகலில்தான் வேலை. ஆகவே, மகள்கள் இருவருக்கும் வீட்டிலேயே கல்வி என்று முடிவானபோது, ஆசிரியர் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒரு பாட்டுப் பாடி, சுருக்கமாக ஜெபித்ததும் பாடம் தொடங்கும். வேதத்தில் வாசித்ததைக் கையால் செய்து பார்த்தால்தான் அது பிள்ளைகளின் உள்ளே இறங்கும் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த வீட்டில் அட்டையால் எரிகோவின் மதில் எழுந்தது. பிசைந்த மாவு புளித்துப் பொங்குவதை அளவுகோல் வைத்து அளந்தார்கள். பழைய போர்வை, மோசே காலத்து ஆசரிப்புக் கூடாரமாயிற்று.

ஆனால், ஒரு சங்கடம். செய்து பார்த்த கைகள் பெரும்பாலும் அவருடையவையாகவே இருந்தன. "கத்தரிக்கோலை இப்படிப் பிடிக்கணும், கண்ணு" என்று சொல்லி வாங்குவார். வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் அது குழந்தையின் கைக்குத் திரும்பும். எதற்கும் ஆதாரம் கேட்பதால் வீட்டில் 'வக்கீல்' என்று பெயரெடுத்திருந்த பத்து வயது மூத்தவள், கன்னத்தில் கையூன்றி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இளையவளான குட்டி, விழுகின்ற காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் குடும்பங்கள் சில, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆலயத்தின் பின்கூடத்தில் கூடிப் பிள்ளைகள் செய்தவற்றைப் பார்வைக்கு வைப்பது வழக்கம். ஒருமுறை வக்கீலின் மேசையில் நோவாவின் பேழை நின்றது. ஒட்டுப்பலகையால் ஆன மூன்று தளங்கள். நடுவே, நூலும் உருளையும் கொண்டு ஏறி இறங்கும் ஒரு சிறு மின்தூக்கி. அதில் களிமண் யானை பயணம் செய்தது.

தன் பிள்ளைகள் மூவருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லும் தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "ஏன் பிரதர், நோவா காலத்துலயே லிஃப்ட் இருந்துச்சா?"

"பின்ன என்ன சிஸ்டர்? யானையைப் படியில ஏத்தவா முடியும்?"

கூடமே சிரித்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. தையல்காரம்மா வக்கீலின் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. இந்த நூலை இழுத்தா பெட்டி எப்படி மேல போகுது?" என்று கேட்டார்.

வக்கீல் நூலைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள். "அப்பாவுக்குத்தான் தெரியும்" என்றாள். காதுமடல்கள் சிவந்துவிட்டன.

வீடு திரும்பியதும் அவள் தந்தையின் எதிரே வந்து நின்றாள். "அப்பா, அடுத்த தடவை நான் மட்டும்தான் செய்வேன். நீங்க தொடக்கூடாது."

"ஒட்டுறதுக்கு மட்டும்..."

"தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. தொட்டீங்கன்னா நான் இனிமே எதுவுமே செய்யமாட்டேன். புத்தகத்தை மட்டும் படிச்சுக்கிறேன்."

அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். மகளின் முகத்தில் சிரிப்பு இல்லை. வாக்குக் கொடுத்தார்.

இயேசு சொன்ன விதைப்பவரின் உவமையை அவள் தேர்ந்தெடுத்தாள். பனிக்கூழ் வந்த நெகிழிப் பெட்டிகள் நான்கில் நான்கு நிலங்களை அமைத்தாள். ஒன்றில் வழியோரம்போல் மிதித்து இறுக்கிய மண். அடுத்ததில் கூழாங்கற்களும் அவற்றின்மேல் மெல்லிய மண்படலமும். மூன்றாவதில் வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்திலிருந்து வேரோடு கொண்டுவந்த முட்செடி. நான்காவதில் சல்லடையில் சலித்த நல்ல மண். நான்கிலும் கோதுமையைத் தூவிச் சன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காகிதம் ஒட்டினாள். அதில் நிலத்தின் பெயர். அதன்கீழே கொட்டை எழுத்தில், 'அப்பா தொடக்கூடாது.'

பெட்டிகளின் அடியில் துளை இல்லை என்பதை அவர் பார்த்த மாத்திரத்திலேயே கண்டுகொண்டார். தண்ணீர் வெளியேற வழியில்லாத பெட்டியில் விதை என்னவாகும்? விரல்கள் துறுதுறுத்தன. துளையிடும் கருவி எட்டிய தூரத்தில்தான் இருந்தது. வாக்கு வாக்குதான் என்று கைகளைக் கால்சட்டைப் பையில் புதைத்துக்கொண்டார்.

ஆனால், மறுநாள் காலை மகள்கள் பல் துலக்கப் போயிருந்தபோது நல்ல நிலத்தின் மேற்பரப்பு காய்ந்திருப்பதுபோல் தோன்றியது. தண்ணீர் ஊற்றினால் அது தொட்டதாகாது என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு ஒரு குவளை ஊற்றினார். அதன்பின் தினமும் ஊற்றினார்.

இன்னொன்றும் செய்தார். உதிரிப்பாகம் இல்லாமல் எந்த வேலைக்கும் போய்ப் பழகாதவர் அவர். அதேபோன்ற ஐந்தாவது பெட்டி ஒன்றில் துளையிட்டு, மண் நிரப்பி, கோதுமை விதைத்து, தாம் வேலை பார்க்கும் கட்டடத்தின் உச்சியிலுள்ள மோட்டார் அறைச் சன்னலில் வைத்தார். ஓர் ஆபத்துக்கு உதவுமே!

பார்வைக்கு வைக்கவேண்டிய சனிக்கிழமை நெருங்கியது. வழியோரத்து விதைகளைச் சன்னலுக்கு வந்த சிட்டுக்குருவி பொறுக்கித் தின்றது. குட்டி கைகொட்டிக் குதித்தாள். கற்பாறை நிலத்தில் பச்சை முளைகள் முந்திக்கொண்டு எழுந்தன. முட்செடி நடுவே முளைத்தவை நெருக்கத்தில் தலைநீட்டத் திணறின. எல்லாம் உவமையில் உள்ளபடியே. நல்ல நிலத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. சேறும் ஒருவகை நாற்றமுந்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை குட்டி அதை முகர்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, நல்ல நிலத்துலதானே நிறைய வரும்னு இயேசு சொன்னாரு? அவரு சொன்னது தப்பா?"

வக்கீல் உதட்டைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

அன்று வேலை முடிந்து வந்தவரின் கருவிப் பையில் அந்த ஐந்தாவது பெட்டியும் வந்தது. மறுநாள் விடிந்ததும், மற்றவர்கள் எழுமுன் அதை வெளியே எடுத்தார். விரற்கடை உயரத்தில் அடர்ந்து நின்றது பயிர். செய்யவேண்டியது எளிய வேலைதான்: சேற்றுப் பெட்டியை எடுத்துவிட்டு இதை வைப்பது. ஒரே நாளில் முளைத்துவிட்டது என்றால் குட்டி நம்புவாள்; வக்கீலும் நம்ப விரும்புவாள்.

ஆனால், காகிதத்தையும் மாற்றி ஒட்டவேண்டும். அதன் ஒரு மூலையை நகத்தால் நெம்பினார். பாதி உரிந்து வந்தது. 'அப்பா தொடக்கூடாது' என்ற எழுத்துகள் அவருடைய கட்டைவிரலுக்குக் கீழே நெளிந்தன. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய அவரால் முடியவில்லை. உரிந்த மூலையை மெல்ல நீவி ஒட்டினார். பிறகு இரண்டு பெட்டிகளையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

காலை உணவுக்கு வந்த மூவரும் பெட்டிகளைப் பார்த்தார்கள்.

"கண்ணு, நல்ல நிலத்துக்கு நான்தான் தினமும் தண்ணி ஊத்தினேன். விதை அழுகினதுக்கு நான்தான் காரணம். இது மோட்டார் ரூம்ல நான் தனியா வளர்த்தது. மாத்தி வைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். மனசு வரலை."

மனைவியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்னங்க, நீங்களுமா? வேலைக்குக் கிளம்பறப்போ நானும்ல ஒரு டம்ளர் ஊத்தினேன்!"

எல்லாரும் குட்டியைப் பார்த்தார்கள். "நான் கொஞ்சம்தான் ஊத்தினேன்" என்றாள் குட்டி. "மூணு தடவ."

வக்கீல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானும் நாலுக்கும் ஊத்தினேனே! மத்த மூணுலயும் வேற யாராவது ஊத்துனீங்களா?"

"அது கெட்ட நிலம்தானே, அதுக்கு எதுக்கு?" என்றாள் குட்டி.

வக்கீல் சேற்றுப் பெட்டியைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தை நோக்கினாள். பிறகு பயிர் நின்ற பெட்டியின் அடியைப் பார்த்தாள். "இதுல ஓட்டை இருக்கு, என்னோடதுல இல்லை. உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீதானே தொடக்கூடாதுன்ன?"

"தொடக்கூடாதுன்னுதான் சொன்னேன். பேசக்கூடாதுன்னு சொன்னேனா?"

முதலில் சிரித்தவர் மனைவிதான். பிறகு சிரிப்பு மேசையைச் சுற்றி வந்தது. கடைசியாக, சிரிக்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்த வக்கீலின் முகத்திலும் ஏறிற்று. "அப்பா, வாக்கை மீறிட்டீங்க. அதுக்குத் தண்டனை உண்டு" என்றாள்.

அன்று பின்கூடத்து மேசையில் நான்கு பெட்டிகளும் இருந்தபடியே இருந்தன. வக்கீல் சேற்றுப் பெட்டியை எல்லாருக்கும் சுற்றிக் காட்டினாள். "இயேசு சொன்னது தப்பில்லை. நிலம் நல்ல நிலந்தான். எங்க வீட்டுல நாலு பேரும் தனித்தனியா அதுக்குத் தண்ணி ஊத்தினோம். தண்ணி போக வழியில்லை. கல் நிலத்துல நான் மட்டும்தான் கொஞ்சமா ஊத்தினேன், அதான் அழுகாம முளைச்சுது. ஆனா அதுக்கு வேர் ஆழமா இறங்கலை, பாருங்க" என்று ஒரு முளையைப் பிடுங்கிக் காட்டினாள். தையல்காரம்மா கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் விடை அவளிடமே இருந்தது. யாரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்டனை அடுத்த மேசையில் இருந்தது. ஐந்தாவது பெட்டியின் பின்னால், பிள்ளைகளின் வரிசையில், சிறிய நாற்காலியில் முழங்கால்கள் மோவாயைத் தொட அவர் உட்காரவைக்கப்பட்டிருந்தார். பெட்டியில் ஒட்டிய காகிதத்தில், 'செய்தவர்: அப்பா. வயது 43' என்றிருந்தது.

தையல்காரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கே! உண்மையைச் சொல்லணும், பெரியவங்க யாராவது உதவி செஞ்சாங்களா?"

"இல்லை சிஸ்டர்" என்றார் அவர், மிகுந்த பணிவோடு. "எல்லாம் நானே செஞ்சது."

திங்கட்கிழமை பாட்டும் ஜெபமும் முடிந்தபின், கழுவிக் காயவைத்த நல்ல நிலப் பெட்டியை வக்கீல் மேசைமேல் கவிழ்த்தாள். "அப்பா, ட்ரில் எடுத்துட்டு வாங்க. மறுபடியும் விதைக்கப்போறேன்."

அவர் துள்ளி எழுந்து கொண்டுவந்தார். பழக்கத்தில் விசையில் விரலையும் வைத்துவிட்டார்.

"நான் போடுறேன். நீங்க பெட்டி நகராம பிடிச்சுக்கோங்க."

கருவி அவள் கைக்கு மாறியது. முதல் துளை கோணலாக விழுந்தது. அவருடைய உதடுகள் பிரிந்தன.

"பேசலாம்" என்றாள் வக்கீல்.

"கொஞ்சம் நேரா நிறுத்து, கண்ணு" என்றார் அவர். இரண்டு கைகளாலும் பெட்டியை இறுகப் பிடித்திருந்தார்.