ஃபிட்டர் வகுப்பில் ஓர் இடம்

சின்னம்மைக்கு வயது இரண்டு வகை. வீட்டில் ஒன்று, காகிதத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷம் ஒரு மனுஷியை என்ன பாடுபடுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு யாரையாவது திட்டத் தோன்றினால் திட்டிக்கொள்ளுங்கள். நான் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டேன்.

சிலோனில் அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள் அவள். அப்பா அழகையா தோட்டத்து ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்குகிற ஃபாக்டரியில், இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தார். மத்தியானம் சோற்றுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது சின்னம்மையின் வேலை. கொடுத்துவிட்டு உடனே வீடு திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. உள்ளே ஒரே ஓர் இஞ்சின். அதிலிருந்து கூரைக்குக் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு. தண்டிலிருந்து பெல்ட் பெல்ட்டாக இறங்கும். ஒரு பெல்ட் கொழுந்து உருட்டும் மெஷினை ஆற அமரச் சுற்றும். இன்னொன்று சல்லடையைப் படபடவென்று ஆட்டும். ஒரே இஞ்சின் எப்படி ஒன்றை மெதுவாகவும் ஒன்றை வேகமாகவும் ஓட்டுகிறது? அதைப் பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள்.

தோட்டத்துப் பள்ளியில் ஏழு வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே வாத்தியார். அவரிடம் கேட்டாள்.

"அது இஞ்சின். நீ ஏழாம் வாய்ப்பாட்டச் சொல்லு" என்றார் அவர்.

பாவம், அவரைச் சொல்லி என்ன? எண்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதற்குள்ளேயே அவருக்கு நாக்குத் தள்ளிவிடும். ஆனால் பள்ளிக்கும் ஸ்டோருக்கும் நடுவில் இருந்தது நூறு அடி. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய் அந்த இஞ்சினைக் காட்டியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? காட்ட மாட்டார்கள். அப்புறம் பெரிய படிப்புக்கு இந்தப் பிள்ளைகள் லாயக்கில்லை என்று மட்டும் கூசாமல் சொல்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி குடும்பம் கப்பலேறியது. ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் மூன்று மாதம் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு, நெல்லியாளத்துப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். முன்னால் வந்தவர்கள் எழுதியிருந்தார்கள்: பதினெட்டு முடிந்த இரண்டு ஆள் வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் வீடு கிடைக்கும். அம்மா தெய்வம்மாவுக்கு இழுப்பு நோய். மேடு ஏற முடியாது. அதனால் பாஸ்போர்ட்டில் சின்னம்மைக்குப் பதினெட்டு வயது ஆனது. நிஜத்தில் அவளுக்குப் பதின்மூன்று. நல்ல உயரமாக இருந்தாள், யாரும் கேட்கவில்லை. இஞ்சினைத் தொட்டுப் பழகிய அழகையாவை இங்கே குழி வெட்ட அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பில் இருந்தவள் முதுகில் கூடையை மாட்டிக்கொண்டாள்.

அப்பாதான் வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டார் என்று அவள் நினைத்தாள். கோபம் இருந்தது. ஆனால் கூரை வேண்டுமே என்று சமாதானமும் பண்ணிக்கொண்டாள்.

படிப்பு ஆசை மட்டும் விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பள்ளிக்கூடத்து ஜெஸிந்தா டீச்சரைத் தேடிப் போவாள். டீச்சர் அவளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். அந்தப் பள்ளியில் விஞ்ஞான அலமாரி ஒன்று உண்டு. உள்ளே ஒரு காந்தம், ஒரு கப்பி, இரண்டு கண்ணாடிக் குடுவை. எல்லாம் பூட்டுக்குள். பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடுமாம்! தொடாமல் படிப்பதற்கு அது என்ன சாமி படமா?

டீச்சர் அவளுக்கு மட்டும் பூட்டைத் திறந்தார். "பாரு கண்ணு. ஆனா பாத்துட்டு இருந்த மாதிரியே வெச்சிரோணும். இன்ஸ்பெக்டர் வந்தா எல்லாம் புதுசா இருக்கோணும்."

இப்படியே ஆறு வருஷம். கொழுந்து பறித்த கையோடு படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதி, இரண்டாம் தடவையில் தேறினாள். அந்த வருஷம் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் தொழிற்பள்ளி, ஃபிட்டர் வகுப்பில் முதல்முறையாகப் பெண்களையும் சேர்ப்பதாக அறிவித்தது. இரண்டு வருஷம் படித்து நல்ல மார்க் வாங்கினால் பாலிடெக்னிக்குக்கு அவர்களே சிபாரிசு செய்வார்களாம். அறிவிப்பை டீச்சர்தான் கொண்டுவந்து காட்டினார். சின்னம்மை அதை மூன்று தடவை படித்தாள். அன்று முழுக்க எத்தனை கூடை பறித்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பரீட்சை நாளில் பிரின்சிபால் சுவிசேஷமுத்து, கையால் சுற்றித் துளை போடுகிற மெஷின் ஒன்றைக் கழற்றி மேஜையில் பரப்பியிருந்தார். பூட்டிக் காட்ட வேண்டும். வந்திருந்த பையன்கள் நெம்புகோல் விதியை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். திருகாணியை எந்தப் பக்கம் திருகுவது என்று கேட்டால் முழித்தார்கள். அவர்கள் பள்ளியிலும் அலமாரி பூட்டித்தானே இருந்திருக்கும்? சின்னம்மை பூட்டி முடித்துக் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினாள்.

"பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்தினா சின்னது எத்தனை சுத்தும்மா?" என்று கேட்டார் பிரின்சிபால்.

"நாலுங்க ஐயா. பூட்டுறப்பவே பல்லை எண்ணிட்டேன். அதுல அறுபது, இதுல பதினஞ்சு."

சொல்லும்போதே அவளுக்குச் சிலோன் ஸ்டோர் புரிந்துவிட்டது. பெரிய சக்கரம், சின்னச் சக்கரம். இவ்வளவுதானா? இதைக் கையில் கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைப்பதற்கா இத்தனை வருஷம் ஆனது? சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. ஆனால் வயது இருபதைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்படி அவளுக்கு இருபத்து நான்கு.

"நெஜமான வயசு பத்தொம்பதுங்க ஐயா" என்றாள்.

"அதுக்கு ஒரு காகிதம் கொண்டா. ஆகஸ்டு கடைசி வரைக்கும் உன் எடத்தை வெச்சிருக்கேன்" என்றார் அவர்.

சின்னம்மை அட்டன் பக்கத்துப் பதிவாளர் கந்தோருக்கு, அதாவது ஆபீசுக்கு, கடிதம் எழுதினாள். அப்பா பெயர், அம்மா பெயர், தோட்டத்தின் பெயர் போட்டு, தன்னுடைய பிறப்புத் துண்டின் நகல் வேண்டும் என்று கேட்டாள். அழகையா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எழுது தாயி, எழுது" என்று மட்டும் சொன்னார். தெய்வம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் போனது, ஜூலை போனது. மழையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அவள் மனசு அந்தத் தொழிற்பள்ளியின் நீளமான கூடத்திலேயே நின்றது. எண்ணெய் வாசனையும், வரிசையாக நின்ற மேஜைகளும், முதல் மேஜையில் காலியாக இருக்கும் அவளுடைய இடமும் கண்ணை விட்டுப் போகவில்லை. வேறு எதற்கும் அவள் அவ்வளவு ஏங்கியதில்லை.

ஆகஸ்டு இருபத்தாறாம் தேதி உறை வந்தது. பிறப்புத் துண்டு. பெயர் சின்னம்மை. தகப்பன் அழகையா, தாய் தெய்வம்மா. பிறந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு. கூடவே ஒரு வரி: இந்தப் பெற்றோருக்கு வேறு பிறப்பு எதுவும் பதியப்படவில்லை.

"அங்கயும் பொய் சொல்லித்தான் பதிஞ்சீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள். அம்மாதான் பேசினாள்.

"அது பொய் இல்ல புள்ள. அது ஒங்க அக்கா."

முதலில் பிறந்தவள் சின்னம்மை. பதினோரு மாதத்தில் வயிற்றுப்போக்கில் செத்துப்போனாள். இறப்பை யாரும் பதியவில்லை. ஐந்து வருஷம் கழித்து அடுத்தது பெண்ணாகப் பிறந்ததும் தெய்வம்மா அதே பெயரை வைத்தாள். பெயர் ஒன்றுதானே, துண்டும் ஒன்றே போதும் என்று அழகையா விட்டுவிட்டார். இப்படி ஒரு கணக்கை எங்கேயாவது கேட்டதுண்டா? ஆனால் லயத்து ஜனத்துக்கு அது கணக்காகத்தான் பட்டது.

"தோட்டத்துக் கிளாக்கரய்யா ஒன் பொறப்ப அவராப் பதிஞ்சிருப்பாருன்னு ஒரு நப்பாசை தாயி. அதான் எழுதச் சொன்னேன்" என்றார் அழகையா.

ஆக, கூட்டிச் சொன்ன வயது என்று எதுவும் இல்லை. வேலை, வீடு, பாஸ்போர்ட் எல்லாம் செத்துப்போன அக்காவின் பெயரில் இருந்தன. இவள் எந்தக் காகிதத்திலும் பிறக்கவே இல்லை.

மறுநாள் ஜெஸிந்தா டீச்சர் குன்னூருக்குப் போன் போட்டுக் கேட்டார். பிரின்சிபால் நல்ல மனுஷன், வழி சொன்னார். மூத்தவள் இறந்துவிட்டாள், இவள் இளையவள், இன்ன வருஷம் பிறந்தாள் என்று தாய் ரேகை வைத்து எழுதித் தரட்டும். வக்கீல் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அவள் அங்கே வேலையில் இருப்பவள் என்பதால் தோட்டத்துக்கும் ஒரு நகல் போகும். தோட்டத்துக்குப் போனால், செத்தவள் பெயரில் வேலையும் வீடும் வாங்கியது தெரிந்துவிடும். அது எல்லோருக்கும் புரிந்தது.

சின்னம்மை வாய் திறப்பதற்குள் தெய்வம்மா கையை நீட்டிவிட்டாள். "செத்துப்போச்சுன்னு எழுதணும், அம்புட்டுத்தான? எழுதுங்க டீச்சர். நான் ரேகை வக்கிறேன்."

டீச்சர் எழுதிப் படித்துக் காட்டினார். தெய்வம்மா கேட்டாள்: "பொதச்ச எடத்தையும் எழுதுவீங்களா? சிலோன்ல மூணாம் நம்பர் மலை. பாறைக்குக் கீழ. இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல." அதையும் எழுதினார் டீச்சர். அம்மா மை தொட்டுப் பெருவிரலை அழுத்தி வைத்தாள். வைத்த பிறகு கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

முப்பதாம் தேதி மாலை சின்னம்மை வேலை முடிந்து வந்தபோது அழகையா கம்பளிகளை மடித்துச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். சட்டி பானை ஒரு பக்கம் அடுக்கியிருந்தது. அவர் முகத்தில் கோபமில்லை.

"நீ காலையில மொத பஸ்ஸப் புடி. எப்பிடியும் வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. இப்பவே கட்டி வச்சிட்டா நல்லது" என்றார்.

அவர் தடுத்திருந்தால் அவள் சண்டை போட்டுக்கொண்டாவது போயிருப்பாள். அம்மா அழுதிருந்தால்கூடப் போயிருப்பாள். இப்படி இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் வழி விட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அப்பா கையிலிருந்து சாக்கை வாங்கினாள். ஒவ்வொரு கம்பளியாக வெளியே எடுத்து விரித்தாள். ரேகை வைத்த காகிதத்தை நாலாக மடித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

விடிந்தது. முதல் பஸ் கீழ் ரோட்டில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அவள் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கூடையோடு நின்றாள். குன்னூரில் இந்நேரம் கூடத்தைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பை நிறுத்த முடியவில்லை.

"சின்னம்மை, அழகையா மகள்" என்று ஃபீல்டு ஆபீசர் வாசித்தார்.

ஆறு வருஷமாகப் பதில் சொன்ன பெயர்தான். அன்றைக்கு நாக்கு எழவில்லை. மூன்றாம் நம்பர் மலையில் கிடக்கிற பதினோரு மாதக் குழந்தையை அல்லவா இவர் கூப்பிடுகிறார்? தான் பதில் சொல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு இந்த உலகத்தில் ஆளே கிடையாது.

அவர் பென்சிலோடு நிமிர்ந்து பார்த்து இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்றாள்.