வேலையில்லாத ஊரும் ஜோசப்பின் ரீச்சரும்

ஊர்காவற்றுறைக் கரையோரத்தில் அறுபது வீடும் ஒரு கோயிலும் ஒரு சவக்காலையும் கொண்ட அந்தக் குறிச்சியில், பேரினப் பொருளியல் படித்த முதலாவது மனிதப்பிறவி மேரிஜோசப்பின்தான். வருங்காலம் இதை எப்படியும் மறந்துவிடும் என்பதால் இங்கே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

வயது நாற்பத்தாறு. காலையில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குவார். பின்னேரத்தில் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். இந்த இரண்டாவது உத்தியோகத்துக்குச் சம்பளம் கிடையாது. எப்போதாவது ஒரு கோர்வை மீன் வாசலில் தொங்கும், அவ்வளவுதான். இடம்பெயர்ந்து திரும்பிவந்த நாளில் தொடங்கிய வேலை அது. பிறகு சுனாமிப் படிவம், வீட்டுத்திட்டப் படிவம், சூறாவளிப் படிவம், கொரோனாப் படிவம் என்று, நாட்டுக்கு ஒரு கேடு வரும்போதெல்லாம் ரீச்சர் வீட்டு முற்றத்தில் வாங்கு போட்டு ஆட்கள் காத்திருப்பார்கள். குறிச்சியில் ஞானஸ்நானம் பெறாத ஓரிருவர் இருக்கலாம். ரீச்சரின் கையெழுத்தில் ஒரு படிவமாவது இல்லாதவர் எவருமில்லை.

படிவம் நிரப்புவதோடு நிறுத்தாமல், விசாரிக்க வரும் உத்தியோகத்தருக்கு என்ன சொல்லவேண்டும் என்றும் பழக்கிவிடுவார். "என்ன கேட்டாலும் இல்லை எண்டு சொல்லுங்கோ. போட் இருக்கோ? இல்லை. தொழில் இருக்கோ? இல்லை. இருக்கெண்டு வாய்தவறிச் சொல்லிப்போட்டுப் பேந்து என்னட்ட வந்து அழக்கூடாது." இருபது வருடத்தில் இந்தப் பாடத்தில் தவறியவர் ஒருவரும் இல்லை.

இப்படிப்பட்டவருக்குப் பொருளியல் ஆசை வந்தது மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற வருடத்தில். கணவர் வின்சன்ற் வெறும் எண்ணெய்க் கானோடு மூன்று நாள் நின்றுவிட்டுத் திரும்பிவந்து, "டொலர் முடிஞ்சுதாம்" என்றார்.

"அதென்ன, பேக்கரிப் பாணே முடியிறதுக்கு? எப்பிடி முடிஞ்சது?"

"எனக்கென்ன தெரியும்? நானே முடிச்சனான்?"

கடற்கரையில் கேட்டார், சங்கத்தில் கேட்டார், பூசை முடிந்து வந்த பாதரிடமும் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கள்ளனின் பெயரைச் சொன்னார்களே தவிர, டொலர் எப்படி முடியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இனி நானே படித்துப் பார்க்கிறேன் என்று, வீட்டிலிருந்தே இணையவழியில் படிக்கக்கூடிய வெளிவாரிப் பட்டம் ஒன்றுக்குப் பதிந்தார். முதற் பாடம் பேரினப் பொருளியல் அறிமுகம்.

வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று விளம்பரம் சொன்னாலும், வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. குறிச்சியில் அது ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் சவக்காலையின் மேற்கு மதில். ஆகவே சனிக்கிழமை மூன்று மணிக்கு, மதிலில் போனைச் சாய்த்துவைத்து, முக்காலியில் அமர்ந்து, காலஞ்சென்றவர்களின் முன்னிலையில் ரீச்சர் பணவீக்கம் படித்தார்.

முதல் முறை சோதனையில் பாதியிலேயே சோளகக் காற்று சிக்னலைக் கொண்டுபோய்விட்டது. இரண்டாம் முறை சோதனை கோயில் திருநாளன்று வந்தது. எழுதுபவரைத் தவிர வேறெவரும் கமராவில் தெரியக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. மதிலின் பின்னால் சொரூபத்தோடு சுற்றுப்பிரகார ஊர்வலம் வந்தது. "பரீட்சார்த்தியுடன் நூற்றுப்பதினான்கு பேர் காணப்பட்டனர்" என்று கணினி அறிக்கை எழுதியது. அதில் ஒருவர் அந்தோனியார் என்று ரீச்சர் மேன்முறையீடு செய்தும் பலனில்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. மூன்றாம் முறையும் சித்தியடையாவிட்டால் பதிவு இரத்து. திரும்பப் பதிய முடியாது. ரீச்சர் அதை நான்காக மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்தார். அன்றிலிருந்து செபம் சொல்லும்போதெல்லாம் அந்தப் பக்கமே விரிந்தது.

மூன்றாம் முறை நூற்றில் நாற்பது புள்ளி ஒரு கள ஆய்வுக்கு. இருபது வீடுகளுக்குப் போய், வேலை செய்பவர் எத்தனை பேர், வேலை தேடுபவர் எத்தனை பேர் என்று கேட்டு, வேலையின்மை வீதத்தைக் கணிக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் வீட்டாரின் கையெழுத்து வேண்டும். பிறகு வகுப்பில் அதை விளக்கவும் வேண்டும். ரீச்சருக்கு மனம் குளிர்ந்தது. வீடுவீடாய்ப் போய்க் கேள்வி கேட்பதில் அவரை வெல்லத் தீவுப்பகுதியில் ஆள் உண்டா?

ஞாயிறு பூசை முடிந்த கையோடு, பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அந்தப் பைலைக் கண்ட கணத்தில், புது நிவாரணம் வருகிறது என்று குறிச்சி முழுவதும் ஒரு செய்தி ஓடியதை அவர் கவனிக்கவில்லை. உதயன் தன் போட் எஞ்சினின் மேல் சாக்கைப் போட்டு மூடினான்.

முதல் வீடு கிறேஸ். முற்றத்தில் கால் நீட்டி இருந்து, சனிக்கிழமை கழற்றாமல் மிச்சம் விட்ட வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கிறேஸ், தொழில் என்னெண்டு எழுத?"

"ஒண்டும் இல்லை ரீச்சர்." ஒரு நண்டு கழன்று வாளிக்குள் விழுந்தது.

"இது வேற அலுவல். படிப்புக்கு. உண்மையைச் சொல்லும்."

"உண்மையாய்த்தான் ரீச்சர். ஒரு வேலையும் இல்லை." இன்னொரு நண்டு விழுந்தது.

"வேலை தேடுறீரோ?"

கிறேஸ் யோசித்தாள். இது புதுக் கேள்வி. ரீச்சர் பழக்காத கேள்வி. "தாறதெண்டால் வேண்டாமெண்டு சொல்லமாட்டன் எண்டு எழுதுங்கோ."

உதயன் வீட்டில், "நீர் கடலுக்குப் போறனீர்தானே?" என்று நேராகவே கேட்டார்.

"போறனான் ரீச்சர். ஆனா அதைத் தொழில் எண்டு சொல்லேலாது."

"பின்ன என்னெண்டு சொல்லுறது?"

"சும்மா போறது. நீங்கள்தானே சூறாவளி நேரம் சொன்னனீங்கள், தொழில் எண்டு எழுதினால் பேரை வெட்டிப்போடுவாங்கள் எண்டு."

"இதில வெட்ட ஆளில்லை உதயன். சோதனை எனக்கு."

"விளங்குது ரீச்சர்," என்று உதயன் கண்ணைச் சிமிட்டினான். "வெளியில கதைக்கமாட்டன்."

பதினெட்டு வீடும் இப்படியே. பத்தொன்பதாவது வீடு தம்பையா அப்பு. எண்பத்தொரு வயது. கடலில் கால் நனைத்துப் பதினான்கு வருடம்.

"என்ன, வேலையில்லாத ஆளைப்போலயோ தெரியுது?" என்று சீறினார் அப்பு. "சம்மாட்டி, போட் முதலாளி எண்டு எழுது பிள்ளை. கொட்டை எழுத்தில எழுது."

இருபதாவதான தன் வீட்டுக்கு வந்து ரீச்சர் கூட்டினார். தன்னைச் சேர்க்காமல் நாற்பத்தேழு பேர். வேலையில்லாதவர் நாற்பத்தாறு. வேலை செய்பவர் ஒருவர்: தம்பையா அப்பு. வேலையின்மை வீதம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பாடப்புத்தகத்தின் கடைசி அட்டைவரை புரட்டியும் இப்படி ஒரு நாட்டை அவர் காணவில்லை.

"நாங்களும் இருபது வீட்டுக்குள்ளதானே?" என்று வின்சன்ற் குசினி அடுப்படியிலிருந்து கேட்டார்.

"ஓம். உங்களுக்குக் கடற்றொழில் எண்டு போடப்போறன்."

"இஞ்சேரும், ஊருக்கெல்லாம் இல்லை எண்டு போட்டுட்டுக் கட்டின புருசனை மட்டும் வெட்டப் பாக்கிறீரோ? கையெழுத்து வைக்கமாட்டன்."

நாற்பத்தாறில் ஒருவர் அவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மறுநாள் முற்றத்தில் சனம். பைலுக்குள் வராத நாற்பது வீட்டாரும் வந்திருந்தார்கள். முன்னுக்கு நின்றவள் றஞ்சனி.

"ஏன் ரீச்சர் எங்கட வீட்டுக்கு வரேல்லை? நாங்கள் என்ன வேலை செய்யிற ஆக்களே?"

"இது நிவாரணம் இல்லை றஞ்சனி. என்ர படிப்பு."

"அப்ப எங்களுக்கும் அந்தப் படிப்பு வேணும்."

வாயால் கேட்டால் உண்மை வராது என்று ரீச்சருக்கு விளங்கியது. கண்ணால் பார்த்து எழுதலாம் என்று, செவ்வாய் விடிய ஆறு மணிக்கு, போட்டுகள் கரைக்கு வரும் நேரம் பார்த்து, பைலோடு கடற்கரைக்கு இறங்கினார். கரை முழுக்க வேலை நடந்துகொண்டிருந்தது. நண்டு நிறுத்தார்கள், வலை இழுத்தார்கள், ஐஸ் உடைத்தார்கள். பைலைக் கண்டதும் எல்லாரும் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டு மணலில் குந்தினார்கள். இழுத்த வலை பாதியில் நின்றது. வின்சன்ற் போட்டுக்குப் பின்னால் மறைந்தார். நண்டு ஏற்ற வந்த கூலர் லொறிக்காரன், "என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமே?" என்று கத்தினான்.

"வேலையில்லாமல் இருக்கிறம், தெரியேல்லையோ?" என்றாள் கிறேஸ்.

ரீச்சர் போகட்டும் என்று அவர்கள் பார்த்திருக்க, அவர்கள் தொடங்கட்டும் என்று ரீச்சர் பார்த்திருந்தார். முக்கால் மணித்தியாலம் கழிந்தது. லொறி பாதி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பொருளாதார மந்தம் எப்படி உருவாகிறது என்பதைப் பாடப்புத்தகம் ஆறு பக்கத்தில் விளக்கியிருந்தது. ரீச்சர் ஒரு பைலால் விளக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். உண்மையான கணக்கு அவருக்கு விரல்நுனியில் இருந்தது. ஆனால் கையெழுத்து இருந்ததெல்லாம் பொய்க்கணக்கின் கீழே. கள்ளக் கையெழுத்துப் போடுவதா? ஊருக்காக எத்தனையோ "இல்லை" எழுதிய கை, தனக்காக ஒரு "உண்டு" எழுதக் கூசியது. தொண்ணூற்றெட்டையே அனுப்பிவிட்டுச் செபப்புத்தகத்தைத் திறந்தார். கடிதம் விழுந்தது.

சனிக்கிழமை மூன்று மணி. சவக்காலை மதில். போனுக்குள் விரிவுரையாளர், ரீச்சரைவிடப் பதினைந்து வயது இளையவர், தாள்களைப் புரட்டினார். நாற்பது மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேரிஜோசப்பின், நாட்டுக்கே நூற்றுக்கு ஐந்தளவில்தான். உங்கட இடத்தில தொண்ணூற்றெட்டு எண்டால், இது ஆய்வோ, பகிடியோ?"

ரீச்சர் வாய் திறக்கமுன், மதிலின் பின்னால் தலைகள் முளைத்தன. முடிவெடுக்கிற பெரியவர் போனில் வந்திருக்கிறாராம் என்று எவரோ சொல்லியிருக்க வேண்டும். கிறேஸ் எட்டிப் போனைப் பிடித்தாள்.

"ஐயா, நான் கிறேஸ். எனக்கு ஒரு வேலையும் இல்லை ஐயா."

"அம்மா, உங்கட மற்றக் கையில என்ன?"

"நண்டு ஐயா."

"எங்கால வந்தது?"

"வலையில இருந்து."

"ஆர் கழட்டினது?"

"நான்தான் ஐயா, விடியத் தொடங்கிக் கழட்டுறன்."

"அப்ப அது வேலை இல்லையோ?"

"அது எப்பிடி ஐயா வேலை? அது நண்டு."

உதயன் கிறேஸின் தோளுக்கு மேலால் தலையை நீட்டினான். "ஐயா, எனக்குப் போட் இல்லை."

"நான் கேக்கவே இல்லையே தம்பி."

"கேட்டாலும் இல்லை ஐயா."

போனுக்குள் நாற்பது பேர் சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவில்லை. மூன்றாம் முறையும் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சேர், நீங்கள் கேட்டதுக்குப் பதில் இவைதான். இந்தச் சனத்துக்கு ஒரு கேள்வி வந்தால் அதுக்குப் பின்னால ஒரு லிஸ்ற் வரும் எண்டு தெரியும். இருக்கெண்டால் பேர் வெட்டுப்படும். அதால இல்லை எண்டு சொல்லுவினம். அப்பிடிச் சொல்லப் பழக்கினது நான், இருபது வருசமாய். கேக்கப் போனதும் நான். ஆர் கேக்கிறது எண்டதைப் பொறுத்துத்தான் சேர் கணக்கு வரும்."



"அப்ப உண்மையான வீதம்?"

"நாப்பத்தாறு பேரில ரெண்டு பேர், சேர். நூற்றுக்கு நாலு சொச்சம். தம்பையா அப்பு கணக்கில வரமாட்டார்."

"ஆர் நான் வரமாட்டன் எண்டது?" என்று மதிலின் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"விடை பிழை," என்றார் விரிவுரையாளர். "பிழை எப்பிடி வந்ததெண்டு சொன்னது சரி. அதைத்தான் இந்த வகுப்பில மற்ற ஒருத்தரும் எழுதேல்லை."

மூன்று கிழமைக்குப் பிறகு பெறுபேறு வந்தது. ஐம்பத்துநான்கு. சித்தி.

அன்று பின்னேரமே முற்றத்தில் வாங்கு நிறைந்தது. கிறேஸ், உதயன், றஞ்சனி, கோபம் ஆறாத தம்பையா அப்பு. வாழ்த்த வந்தார்கள் என்று ரீச்சர் தேத்தண்ணி வைக்க எழும்பினார்.

"தேத்தண்ணி பேந்து பாப்பம் ரீச்சர்," என்றாள் கிறேஸ். "ஒரு பெட்டிசம் எழுதவேணும்."

"ஆருக்கு எதிரா?"

கிறேஸ் உதயனைப் பார்க்க, உதயன் நிலத்தைப் பார்த்தான். அப்புதான் சொன்னார். "உனக்கு எதிராத்தான் பிள்ளை. இருபது வீட்டுக்காரர் கையெழுத்து வைச்சவை. கிடைச்சது உனக்கு மட்டும். இது என்ன ஞாயம்?"

"அது சோதனை அப்பு. நான் படிச்சுப் பாஸ் பண்ணினது."

"எங்கட வேலையில்லாத்தனத்தை வைச்சுத்தானே பாஸ் பண்ணினீங்கள்?" என்றாள் றஞ்சனி.

ரீச்சர் உள்ளே போய்த் தாளும் பேனையும் எடுத்துவந்து எழுதினார். கனம் பிரதேச செயலாளருக்கு; பிரதி கிராம விதானையாருக்கும் பாதருக்கும். இன்னார் என்பவர் எம் குறிச்சியின் வேலையின்மையைத் தனிப்பட்ட நன்மைக்குப் பயன்படுத்தினார். பொது வளத்தைத் தனியொருவர் நுகர்ந்தமையால் ஏனையோருக்குப் பாதகம் ஏற்பட்டது. இரண்டாவது காரணத்தை அவர்கள் சொல்லவில்லை. அது பாடத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருந்தது. முதற் காரணத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று தானே சேர்த்தார்.

வாசித்துக் காட்டினார். வாங்கு முழுவதும் தலையாட்டியது.

"வடிவாய் இருக்கு," என்றாள் கிறேஸ். "ஆனா கொஞ்சம் காரம் காணாது ரீச்சர். ஆக்கள் வாசிச்சுப் பயப்பிடவேணும்."

ரீச்சர் பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். பிறகு கீழே ஒரு வரி சேர்த்து உரத்து வாசித்தார். "மேற்படியார் அடுத்த தவணையில் புள்ளிவிபரவியல் படிக்கவிருக்கிறார் என்பதையும் அதற்கு அறுபது வீடுகளும் தேவைப்படும் என்பதையும் தயவுடன் கவனத்திற் கொள்ளவும்."

கடற்கரையில் பாதி ஏற்றிக்கொண்டு போன லொறி முற்றத்துக்கு நினைவு வந்தது. பிறகு எல்லாரும் பேனைக்குக் கை நீட்டினார்கள். முந்திக்கொண்டவர், குசினிக்குள்ளிருந்து ஓடிவந்த வின்சன்ற்.