பத்தாவது இருக்கை

ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியிலுள்ள என் பயணச்சீட்டு அலுவலகத்துக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்தச் சீனப் பெண்மணி வருவார். இங்கே பிறந்த சீனப் பிள்ளைகளைக் கோடையில் குழுவாகச் சீனாவுக்குக் கூட்டிப்போகிறவர். நரைத்த குட்டைமுடி, எந்நாளும் ஓட்டச் சப்பாத்து. பேர் பதிய வரும் பெற்றோரை அலுவலகத்துக்கு வெளியே இருத்திவிட்டு, பிள்ளையிடம் தனியே, "உனக்குப் போக விருப்பமா?" என்று கேட்பார்.

ஒரு வருடம், பத்துப் பேர் சேராவிட்டால் பயணமே இல்லை என்ற நிலை. பத்தாவதாக வந்த பெண்பிள்ளை விருப்பமில்லையென்று தலையாட்டினாள். இவர் வெளியே போய், "இடம் முடிந்துவிட்டது" என்று தகப்பனிடம் சொன்னார்.

"உங்களுக்கென்ன விசரா?" என்றேன்.

"அண்ணை," என்றார். என் தமிழ் வாடிக்கையாளர்களிடமிருந்து பிடித்துக்கொண்ட சொல். "இப்ப இழுத்துக்கொண்டு போனால், பிறகு தானாக ஒருநாளும் போகமாட்டாள்."

அந்தக் கோடைப் பயணம் நின்றுபோனது. ஆசையோடு காத்திருந்த மற்ற ஒன்பது பிள்ளைகளுக்கும் என்ன சொன்னாரோ, தெரியாது. அடுத்த ஏப்ரலிலும் பெற்றோரை வெளியேதான் இருத்தினார்.