திராகானின் வலது கால்

டிசம்பர் 19. காலை ஏழு மணிக்குச் சிட்னியில் விமானம் ஏறினேன். மெல்பேர்னுக்கு ஒன்றரை மணி நேரம், டிக்கெட் நூற்றிருபது டொலர். போகும் காரணத்தை மனைவியிடம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. பதினாறு வருடங்களுக்கு முன், மெல்பேர்னில் ஒரு ஞாயிறு ஆட்டத்தில், திராகான் என்ற சேர்பியரின் வலது காலை முறித்தவன் நான். அத்தோடு அவருடைய கால்பந்து முடிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

திராகான் லேசுப்பட்ட ஆள் அல்ல. பெல்கிரேட்டில் முதல்தர அணிக்கு நடுக்களத்தில் ஆடியவர். பிறகு நான்கு வருடம் சைப்ரஸில். முப்பத்துநாலு வயதில் இங்கே வந்து, வாரநாட்களில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து, ஞாயிறுகளில் எங்களைப் பம்பரமாய்ச் சுற்றவிட்டார். இடப்பக்கம் பார்த்தபடி வலப்பக்கம் பந்து கொடுப்பார். எனக்கு அவர்மேல் பொறாமையும் இருந்தது, பிரியமும் இருந்தது.

பத்தரைக்கு மெல்பேர்னின் ரோவில் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பழைய கோல்காப்பாளன் அருளின் வீடு அங்கே; அவன் இப்போது திராகானோடுதான் பெயின்ட் வேலை செய்கிறான்.

“இண்டைக்கு அவையின்ர குடும்பப் புனிதரின்ர திருநாள், மச்சான். ஒருத்தரையும் கூப்பிடமாட்டினம், வாறவை எல்லாம் விருந்தாளிதான். ஆனா வெறுங்கையோட போகேலாது” என்று ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸைத் தூக்கினான் அருள். திருநாள் என்றால் இறைச்சி. மன்னார்க் கத்தோலிக்கர் எங்களுக்கு வேறு யோசனையே வராது.

மல்கிரேவில் திராகானின் வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். மேசையில் மெழுகுதிரி, வட்ட ரொட்டி, பொரித்த மீன். பெட்டியைத் திறந்ததும் திராகானின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களான அவர்களுக்கு இது கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நோன்புக் காலமாம், மீன் மட்டும்தான்.

“எங்கள் நத்தார் ஜனவரி ஏழு. அதுவரை ஃப்ரீசரில் இருக்கட்டும்” என்ற திராகான், என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். “என் காலை முறித்தவன் இவன்தான்!” என்று சபைக்கு அறிவித்தார். வருடாவருடம் அந்தக் கதையில் நான் வளர்ந்துகொண்டே போயிருக்கிறேன் போல. என் ஐந்தடி நாலங்குல உயரத்தைக் கண்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சாப்பிட்டபின் அவரோடு பின்வளவுக்குப் போனேன். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: “அன்று நான் பந்தைப் பார்க்கவில்லை. உங்கள் காலைத்தான் பார்த்தேன்.”

“தெரியும்” என்றார்.

பிறகு, இருபத்திரண்டு வயதில் பெல்கிரேட்டில் தானும் எதிரணி இளைஞன் ஒருவனுக்கு அதையே செய்ததாகச் சொன்னார். பந்துக்குத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சாதித்தாராம். அந்த இளைஞன் அதற்குப் பிறகு ஆடவே இல்லை.

“அவனுடைய நம்பர் பத்து வருடமாக என்னிடம் இருக்கிறது. நீ வந்துவிட்டாய். நான் ஒரு ஃபோன்கூட எடுக்கவில்லை.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலை ஐந்து மணி. “அப்ப போட்டு வாறம்” என்று அருள் தமிழிலேயே விடைபெற்றான். வாசல்வரை நொண்டியபடி வந்த திராகான், பெல்கிரேட்டில் இப்போது என்ன நேரம் என்று மனைவியைக் கேட்டார்.

“காலை ஏழு.”

“எழும்பியிருப்பான்” என்று சொல்லி ஃபோனைக் கையில் எடுத்தார். காரைக் கிளப்பப் போன அருளைத் தடுத்தேன். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் வாய் திறக்கும்வரை இருவரும் காரிலேயே காத்திருந்தோம்.