ஸலாத்துக்கு மட்டும் பதில் சொன்ன பதினொரு வருஷம்

கிணற்றடியில் விழுந்து கிடந்தேன். கால் அசையவில்லை. இருபது அடி தூரத்தில் என் மகள் தைத்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிடுவதில்லை என்று அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்திருந்தேன்.

இதை வாசிக்கிற பெண்மக்கள் எல்லோருக்கும் என் ஸலாம். நான் கிழக்கு இலங்கையில் சாய்ந்தமருதைச் சேர்ந்தவள். வயது எழுபத்து நாலு. இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழைகளைப் பேத்தி திருத்தித் தந்தாள், சொல்லை மாற்ற விடவில்லை. அல்லாஹ் எனக்குச் செய்ததை என் சொல்லிலேயே சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்குத்தான். தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் ஓர் ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். என் உம்மாவும் எனக்கு வீட்டைத் தந்துவிட்டுக் சோறாக்கிற குசினியோடு ஒட்டிய அறையில் இருந்துதான் கண்மூடி மௌத்தானார். அப்போது அது எனக்கு ஒரு வலியாகத் தெரியவில்லை. ஊர் வழக்கம்தானே என்று இருந்தேன்.

எனக்கு ஒரே மகள், சபீனா. அவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த பிறகும் நானும் அவளுடைய வாப்பாவும் உள்ளறையில்தான் இருந்தோம். அவர் மௌத்தானார். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் அந்த அறையிலேயே இத்தா இருந்தேன். இத்தா முடிந்ததும் பாலமுனையில் இருக்கிற என் தங்கச்சி வந்து கூட்டிப் போனாள். மூன்று நாள் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். உள்ளறையில் என் கட்டில் இல்லை. அலுமாரியும் இல்லை. சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

வளவுக்குள் இறங்கி நின்று கேட்டேன்.

"என்ட கட்டில் எங்க?"

"வெளி அறைக்குள்ள போட்டிரிக்கம் உம்மா. கிணத்தடியும் கிட்ட, நீங்க படி ஏறி இறங்கத் தேவல்ல. புது ஃபேனும் பூட்டியாச்சி," என்றாள் மகள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

உண்மையைச் சொல்கிறேன். நானே ஒதுங்கத்தான் இருந்தேன். இன்னும் இரண்டு மாதம் போனால் நானே கட்டிலைத் தூக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சொல்வதற்கு முன் அவர்கள் தூக்கிவிட்டார்கள். அவளுடைய வாப்பா படுத்த கட்டில். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"வல்லாஹி, இனி உன்ட பேரை என்ட வாயால கூப்பிட மாட்டன். உன்ட வாசப்படி மிதிக்க மாட்டன். உன்ட சோறு தின்ன மாட்டன்."

மருமகன் என் காலடியில் வந்து உட்கார்ந்து கெஞ்சினார். மகள் அழுதாள். அன்று பின்னேரமே கட்டிலைத் திரும்ப உள்ளறைக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். சத்தியம் செய்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்று சொல்லி, வெளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அப்படிப் பதினொரு வருஷம் இருந்தேன்.

ஒரு சுண்டு அரிசியில் இரண்டு நேரத்துக்கும் ஆக்குவேன். சோற்றில் ஊற்றிக்கொள்ளக் கொஞ்சம் மீன் ஆணம். நோன்பு காலத்தில் அந்த வீட்டில் கஞ்சி காய்ச்சுகிற மணம் என் அறைக்குள் வரும். நான் பேரீத்தம்பழத்தையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு நோன்பு திறக்கத் தனியே பாங்குச் சத்தத்துக்குக் காத்திருப்பேன். பெருநாளைக்கு அவள் என் யன்னலில் புதுப்புடவை வைத்துவிட்டுப் போவாள். அதைப் பாலமுனைக்கு அனுப்பிவிடுவேன். பேரப்பிள்ளைகள் வந்தால் தடுக்கவில்லை. ஆனால் தாயோடு கதைக்காத ஒருத்தியிடம் பிள்ளைகள் எத்தனை நாளைக்கு வரும்? முதலில் ஓடி வந்தார்கள். பிறகு எட்டிப் பார்த்தார்கள். பிறகு அதுவும் இல்லை.

ஒன்று மட்டும் நடந்தது. விடிய முன் சுபஹ் தொழுத கையோடு ஒரு தடவை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை, மகள் என் கதவடியில் வந்து நின்று ஸலாம் சொல்வாள். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. அதனால், முகத்தைப் பார்க்காமல், "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்பேன். அவள் போய்விடுவாள். எங்களுக்குள் இருந்த பேச்செல்லாம் அவ்வளவுதான். அயலுக்குக் காட்டத்தான் வந்து சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அயல் பெண்கள் என்னைப் பற்றி, "அவ சொன்னாச் சொன்னதுதான்" என்பார்கள். அதைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்கும். ஒவ்வொரு தொழுகையிலும் நான் கேட்ட துஆவும் அதுதான். யா அல்லாஹ், என் சத்தியத்தைக் காப்பாற்று.

போன நோன்புக்கு முன்னால் பக்கத்து ஒழுங்கை வீடொன்றில், ஒரு வியாழக்கிழமை, பெண்களுக்கு மார்க்கப் பயான் நடந்தது. பயான் சொன்னது பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிற மௌலவியா, சின்ன வயதுப் பிள்ளை. ஒன்றைச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்த ஒருவர், அதைச் செய்வதுதான் நல்லது என்று கண்டால், நல்லதைச் செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். எனக்கு நெஞ்சில் குத்தியது. முடிந்ததும் கிட்டப் போய்க் கேட்டேன்.

"அல்லாஹ்ட பேரைச் சொல்லிச் செஞ்ச சத்தியத்த உட்டா அவன ஏமாத்தின மாதிரி இல்லையா புள்ள?"

"மாமி, அவன் சேக்கச் சொன்ன சொந்தத்த அவன்ட பேரைச் சொல்லியே வெட்டி வெச்சிரிக்கிறதுதான் ஏமாத்து. சத்தியத்த முறிங்க. பத்து ஏழைக்கிச் சாப்பாடு குடுங்க. அவ்வளவுதான்."

"நீ நேத்துப் பொறந்த புள்ள," என்று சொல்லிவிட்டு, துஆ ஓதும் வரைக்கும் நிற்காமல் எழும்பி வந்துவிட்டேன்.

அவள் சொன்னது பிழை என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு லேசானதா என்பதால்தான் வந்தது. பதினொரு வருஷம் நான் சுமந்தது பத்துப் பேரின் சோற்றோடு முடிந்துபோகிற காரியமா? அப்படியென்றால் நான் இத்தனை காலமும் யாருக்காகத் தனியே இருந்தேன்? வீட்டுக்கு வந்து சட்டியை அடுப்பில் வைத்தேன். அது கரிந்து போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகும் விடவில்லை. விட்டால் இந்தப் பதினொரு வருஷத்துக்கும் ஒரு அர்த்தமில்லாமல் போய்விடுமே என்று பிடித்துக்கொண்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியான லுஹர் தொழுகைக்காகக் கிணற்றடியில் கை கால் கழுவி வுளூ செய்துவிட்டு எழும்பினேன். சீமெந்தில் பாசி. வழுக்கி விழுந்தேன். தொடைக்குள் என்னவோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

"ஆராவது இரிக்கீங்களா," என்று கத்தினேன். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது, கத்தினேன், அதுவும் தூரப் போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது நான் கேட்ட துஆ இது: யா அல்லாஹ், யாரையாவது அனுப்பு, அவளை மட்டும் அனுப்பாதே.

யாரும் வரவில்லை. வெயில் முகத்துக்கு வந்தது. வாய் காய்ந்தது. இப்படியே மௌத்தாகிவிட்டால் நாளைக்குச் சுபஹுக்கு அவள் வந்து ஸலாம் சொல்வாள், பதில் இருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னைப் பயமுறுத்தியது.

லுஹருடைய நேரம் போய்க்கொண்டிருந்தது. வுளூ இருந்தது. கிடந்த கிடையில் கண்ணசைவால் தொழுதேன். தொழுகையை முடிக்கும்போது, வழக்கம்போல வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் கொடுத்தேன். வலப்பக்கம் மகளின் வீடு. அவளுடைய வாசற்படி என் கண்ணுக்கு நேரே இருந்தது. பதினொரு வருஷத்தில் நானாக முந்தி அந்தப் பக்கம் சொன்ன ஸலாம் அதுதான்.

அதற்கு மேல் எனக்குப் பிடிவாதம் வரவில்லை. அழுதேன். யா அல்லாஹ், இதை எப்படி விடுவதென்று எனக்குத் தெரியவில்லை, நீயே என்னை விட வை என்று கேட்டேன்.

"சபீனா."

தொண்டை கட்டியிருந்தது. கத்தக்கூட இல்லை. அவ்வளவு நேரமும் நான் போட்ட சத்தத்துக்கு நிற்காத மெஷின் நின்றது.

"ஓம் உம்மா."

நேற்றும் கூப்பிட்டவளுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகுதான் அவள் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

மருமகனும் அவளும் என்னைக் கதிரையில் வைத்துத் தூக்கி, வாகனம் வரும் வரைக்கும் உள்ளே கொண்டுபோனார்கள். வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவளை அல்லாஹ் மிதிக்க முடியாத காலோடு அந்தப் படியால் கொண்டுபோனான்.

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தேன். ஒரு நாள் அவள் என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். ஏன் இத்தனை வருஷமும் ஊருக்குக் காட்ட ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"ஊருக்கா? வேற எதக் கதைச்சாலும் நீங்க வாய் துறக்க மாட்டீங்க. ஸலாத்துக்குப் பதில் சொல்லாம இரிக்க மாட்டீங்க எண்டு தெரியும். உங்கட சத்தத்தக் கேக்கத்தான் உம்மா வந்தன்," என்றாள்.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் ஒழுங்கையில் வசதியில்லாத பெண்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டோம். மகள் ஆக்கினாள். இரண்டு பெரிய சஹன் தட்டில் ஐந்தைந்து பேராக இருந்து சாப்பிட்டார்கள். மௌலவியாவும் வந்தாள். "மாமி, நான் நேத்துப் பொறந்தவதான். இரிந்து சாப்பிடவா, போகவா?" என்று கேட்டாள். நான் அவளுடைய கன்னத்தில் தட்டினேன். எல்லோரும் போன பிறகு பானையில் அடிச்சோறுதான் மிச்சம். நானும் மகளும் ஒரே சோற்றுக் கோப்பையில் போட்டுத் தின்றோம்.

இப்போதும் வெளி அறையில்தான் இருக்கிறேன். கிணற்றடி கிட்ட, படி ஏறத் தேவையில்லை. அவள் சொன்னது சரிதான். கதவைப் பூட்டுவதில்லை.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் பொய். சத்தியம் செய்த அன்று மூத்த பேரனுக்கு ஒன்பது வயது. இப்போது கத்தாரில் வேலை. மகள் போனை என் கையில் தருவாள். அவன் ஸலாம் சொல்வான், நான் பதில் சொல்வேன். பிறகு இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. அந்த அமைதியை நான்தான் அவனுக்குப் பழக்கினேன்.

பெண்மக்களே, உங்களில் யாராவது இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதையே அல்லாஹ்வின் மேலுள்ள ஈமான் என்று நினைத்திருந்தால், விட்டுவிடுங்கள். இத்தனை வருஷம் போய்விட்டதே என்று பார்க்காதீர்கள். எனக்கு முடியவில்லை என்று அல்லாஹ்விடமே சொல்லுங்கள், அவன் விட வைப்பான். எனக்கு அவன் கிணற்றடிக்கு வேறு ஆளை அனுப்பவில்லை. ஒரு பெயரை என் வாயில் திரும்ப வைத்தான். அல்ஹம்துலில்லாஹ்.

கத்தாரில் இருந்து இனி அழைப்பு வரும்போது, முதல் ஸலாத்தை நான் சொல்லலாம் என்று இருக்கிறேன்.