அம்மா பேசிய கிரீன்லாந்து மொழி

டொச் என்கிற ஜேர்மன் மொழிப் பரீட்சையில் அம்மா மூன்று முறை தோற்றார். "உங்கள் அம்மாவுக்கு மொழிகள் வராது" என்று அவருடைய டொச் வகுப்பு ஆசிரியை என்னிடமே சொன்னார். அதை அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அது விளங்கியிருந்தது.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் அம்மா ஹம்பேர்க் துறைமுகப் பக்கத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வடக்குக் கடல்களிலிருந்து உறைந்து வரும் மீனை வெட்டிப் பெட்டியில் அடுக்கும் வேலை. பக்கத்து மேசையில் கிரீன்லாந்துக்காரி ஒருவர் வேலை செய்தார். ஜேர்மன் மாலுமி ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். அவருடைய டொச்சும் அம்மாவுடையதைப் போலத்தான். இரண்டு பேரும் கையிலிருந்த மீனையும் கத்தியையும் காட்டிக் காட்டிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒருநாள் அம்மா வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"பிள்ளை, அவையின்ர மொழியில வீட்டுக்கு என்ன சொல்லு தெரியுமே? இல்லு! எங்கட இல்லம் மாதிரி."

"அது தற்செயல், அம்மா."

"தற்செயலோ என்னவோ, எனக்கு உடன மனசில பதிஞ்சிட்டுது."

பிறகு தினமும் ஒரு சொல் வீட்டுக்கு வந்தது. நுனா என்றால் நிலம். இனுக் ஓர் ஆள், இனுயிட் பல பேர். 'எனக்கு வீடு இருக்கிறது' என்பதை அவர்கள் இல்லொகர்புங்கா என்று ஒரே சொல்லாகச் சொல்வார்களாம். வகுப்பில் அம்மாவை வதைத்தவை டொச்சின் ஆண்பால், பெண்பால் பெயர்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. "ஒரு சொல்லுக்குப் பின்னால மற்றதை ஒட்டிக்கொண்டு போனால் சரி. 'போகமாட்டனெண்டிட்டாள்' எண்டு நாங்கள் சொல்லுறேல்லையே, அப்பிடித்தான்" என்றார்.

அந்தத் தீவையும் எனக்கு அவரே சொல்லித் தந்தார். விளம்பரத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். நடுவில் முழுக்கப் பனிக்கட்டி. சனம் இருப்பது கரையோரத்தில் மட்டும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையில் றோட்டே கிடையாது. படகில் போகவேண்டும், வடக்கில் கடல் உறைந்தால் நாய்கள் இழுக்கும் வண்டியில். தோழியின் ஊரில் மாரிக் குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் எழும்பாதாம். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. டொச் படிக்க ஏலாதென்றவர் யாருக்கும் வேண்டாத ஒரு மொழியை இவ்வளவு ஆசையாகப் படிக்கிறாரே என்று நினைத்தேன்.

அவர்கள் பழகிய நான்காவது வருடம் தோழியின் தகப்பனார் மகளைப் பார்க்க வந்தார். வடக்கில் ஒரு சிறு ஊரில் சீல் எனும் கடல்நாய்களை வேட்டையாடுபவர். ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். கடும் வயிற்று நோவோடு ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்திருக்கிறார்கள், எதுவும் பேசுகிறாரில்லை, சட்டைப் பையிலிருந்த தாளில் இந்த இலக்கம் இருந்தது என்றார்கள். கிரீன்லாந்து டென்மார்க் ஆட்சிக்குட்பட்டது என்பதால், தோழி பாஸ்போட் அலுவலாக முதல்நாள்தான் டென்மார்க் போயிருந்தார். கணவர் கடலில். ஏதும் தேவையென்றால் அழைக்கட்டும் என்று தோழிதான் தகப்பனிடம் எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அரைமணி நேரத்தில் நாங்கள் அங்கே நின்றோம்.

"இந்த எஸ்கிமோக்காரர் கேள்வி எதற்கும் பதில் தருவதில்லை. சுயநினைவு குழம்பியிருக்கலாம்" என்றார் இளம் டொக்டர். டேனிஷ் தெரிந்த தாதி ஒருவர் பேசிப் பார்த்தும் பலனில்லையாம்.

அம்மா கட்டிலருகே போய்க் குனிந்து, "அன்னியர்பித்?" என்று கேட்டார். நோகிறதா என்று பொருள். கிழவர் வாயே திறக்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "ஓம் எண்டுறார். டொக்டரிட்டச் சொல்லு, புருவத்தைத் தூக்கினால் ஓம், மூக்கைச் சுளிச்சால் இல்லை. அந்தாள் வந்ததில இருந்து பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இவையள்தான் பாக்கேல்லை. எஸ்கிமோ எண்ட பேரை அவை விரும்பமாட்டினம், இனுயிட் எண்டும் சொல்லு."

நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். டொக்டருக்கு முகம் சிவந்தது. தன் குறிப்பில் எதையோ வெட்டினார்.

அதன்பிறகு மொழி மூன்று வாய் மாறிப் போனது. டொக்டரின் கேள்வியை நான் தமிழில் சொல்ல, அம்மா அதைக் கிரீன்லாந்து மொழியில் கேட்டார். பதில் அதே வழியால் திரும்பி வந்தது. நோவு முந்தநாள் தொடங்கியது. முதலில் தொப்புளடியில், இப்போது வலப்பக்கம். மருந்து எதுவும் எடுக்கவில்லை. மகளின் பயணம் குழம்பக்கூடாதென்று அவளிடம் சொல்லவில்லை.

குடல்வால் அழற்சி, உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார் டொக்டர். கிழவரின் சம்மதம் தேவைப்பட்டது. சத்திரசிகிச்சைக்கு அம்மாவிடம் சொல் இல்லை. ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் வயிற்றில் விரலால் கோடு இழுத்துக்கொண்டு, தொழிற்சாலையில் மீனுக்குச் சொல்லும் சொற்களாலேயே விளக்கினார்: திறப்பார்கள், கெட்டதை வெளியே எடுப்பார்கள். தைப்பதை ஊசி பிடிப்பதுபோலக் கையால் காட்டினார்.

கிழவர் அந்த நோவிலும் சிரித்துவிட்டார். ஏதோ கேட்டார். அம்மாவும் சிரித்தார்.

"என்னை எத்தினை துண்டாப் பெட்டியில அடுக்கப் போறியள் எண்டு கேக்கிறார்" என்றார் என்னிடம்.

புருவம் மீண்டும் உயர்ந்தது. கையெழுத்தும் போட்டார்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. மறுநாள் மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் அந்த டொக்டர் என்னை நிறுத்தி, "உங்கள் அம்மா எங்கே படித்தார்?" என்று கேட்டார்.

"மீன் தொழிற்சாலையில்" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. எனக்கு அதில் வெட்கமில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தகப்பனும் மகளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கிழவர் இடியப்பத்தைக் கையால் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். அம்மா பதில் சொன்னார். மகள் இடையில் எதையோ திருத்த, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்னம்மா சொல்லுறார்?"

"பொறு பிள்ளை," என்றார் அம்மா, கிழவரின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமலே. "கதை முடியட்டும், சொல்லுறன்."