கதவுக்கு வெளியே நின்று கொடுத்த ஞானஸ்நானம்

காதர்பேட்டையில் என்னைத் தெரியாத பனியன் வியாபாரி கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இன்றைக்கு வேலம்பாளையத்தில் சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறேன். எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: என் காதில் ஒரு தடவை விழுந்தது அப்புறம் போகாது. எட்டு வயதிலேயே ஊருக்கு அதைக் காட்டிவிட்டேன்.

அப்போது நாங்கள் திண்டுக்கல் பக்கமிருந்து பிழைக்க வந்து கொஞ்ச காலம்தான். நாங்கள் குடியிருந்த வரிசையில் கிறிஸ்தவ வேதக்காரர் நாங்கள் மட்டுமே. மற்றதெல்லாம் நெசவுக்காரர் வீடுகள், வீட்டுக்கு வீடு முருகன் படம். வாய்ப்பாடு வராத எனக்கு, கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்பில் மட்டும் கேள்வி முடியுமுன் பதில் வந்துவிடும்.

தங்கை மாசம் நிறையாமல் பிறந்தாள். அப்பா, அத்தையைக் கூட்டிவர ஊருக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா தறியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து பிரசவம் பார்த்தார். பிள்ளை அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்ததாம்.

அம்மாவுக்குச் சாவைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் பிறந்தது ஞானஸ்நானம் இல்லாமலே இறந்துபோக, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்திருந்தார்கள்.

“அக்கா, எங்க கோயில்ல செய்யிற மாதிரி இது தலையில தண்ணி ஊத்துங்க. பையனுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அம்மா மயங்கிவிட்டாள்.

நான் உள்ளே பாய்ந்தேன். அக்கா கதவைச் சாத்தினார்.

“பெத்த அறைக்குள்ள ஆம்பளப் புள்ள வரக்கூடாது கண்ணு. அங்கிருந்தே நீ மந்திரத்தைச் சொல்லு, நான் ஊத்தறேன்.”

“ஊத்துறவங்கதான் சொல்லணும்க்கா! இல்லாட்டிச் செல்லாது!” என்று கத்தினேன். பெரியவர்களுக்கே தெரியாத சட்டம் அது. எனக்குத் தெரியும்.

கதவுக்கு வெளியே நின்று நான் துண்டு துண்டாகச் சொன்னேன். அக்கா ஊற்றிக்கொண்டே திருப்பிச் சொன்னார். “பிதாவுடையவும்… சுதனுடையவும்… இஸ்பிரீத்துசாந்துவுடையவும்… நாமத்தினாலே நான் உன்னைக் கழுவறேனுங்க.” கைக்குழந்தைக்கும் ஒரு ‘ங்க’ போட்டார். அடுத்த நொடி வீல் என்று ஒரு அழுகை. “முருகா!” என்று அக்காவும் சேர்ந்து அலறினார்.

மறுநாள் வந்த அத்தைக்கு எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன், முருகா உட்பட. அத்தை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“முருகன் பேரைச் சொல்லியா ஞானஸ்நானம் கொடுத்தீங்க? இது செல்லவே செல்லாது. சாமியார் முதல்லேர்ந்து ஊத்தட்டும்.”

அம்மா படுத்தபடியே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைக்கு மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. செல்லாது என்றால் இதுவும் சுவருக்கு வெளியேதான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். அம்மா எழுந்திருக்க முடியாததால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்காவே வந்தார். வாசற்படியிலேயே அத்தை, சாமியாரிடம் வழக்கைத் தொடங்கிவிட்டாள். அவர் கேட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“முருகான்னு எப்போம்மா சொன்னே?”

“புள்ள அழுத பொறகுங்க சாமி. சந்தோசத்துல வாயில வந்துருச்சுங்க.”

“தண்ணி ஊத்தும்போது என்ன நெனச்சே?”

“நான் என்னத்தைங்க கண்டேன்? உங்க கோயில்ல பண்றதப் பண்ணச் சொல்லி இதோட அம்மா கேட்டாங்க. அதைத்தான் பண்றேன்னு நெனச்சனுங்க.”

“போதும். ஞானஸ்நானம் ஆயிடுச்சு” என்றார் சாமியார்.

“சாமி, இவுங்க வேதக்காரங்களே இல்லையே! ஒரு சொட்டாவது நீங்க ஊத்துங்க” என்றாள் அத்தை.

“சாகக்கெடக்குற பிள்ளைக்கு யாரு வேணா கொடுக்கலாம். கொடுத்தாச்சுன்னா ஆயுசுக்கும் ஒரு தடவைதான். போப்பாண்டவரே வந்தாலும் மறுபடி ஊத்த முடியாது.”

அப்புறம் தைலம் பூசுவது, மெழுகுதிரி கொடுப்பது என்று மிச்சச் சடங்குகளை மட்டும் செய்தார். ஞானத்தாயாக நின்றது அத்தைதான். அக்கா படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். முடிந்து வெளியே வந்த சாமியாரிடம் மெதுவாகக் கேட்டார்:

“அப்ப, என்ர கையில ஊத்துனதுதான் அதுக்குக் காலத்துக்குமுங்களா சாமி?”

“ஆமாம்மா. காலத்துக்கும்.”

நான் முன்னாலேயே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்: “செல்லுமாம்! நான் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் சரியாம்!” அம்மா அழுதாள். அத்தனையும் என்னால் வந்த பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள் வந்தார்கள். பிள்ளை அத்தையிடம் இருந்தது. அக்கா பின்னால் வந்தார். வலது கையை முந்தானையால் சுற்றி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். வழியில் எங்கோ சுளுக்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

“கை வலிக்குதாக்கா? தைலம் எடுத்தாரட்டுமா?” என்றேன்.